காசிநாதர் பரம்பரை

விசுவலிங்கம் சாய்மனைக் கதிரையில் இருந்தார். இந்திய அகதி முகாமில் அவரைக் கலியாணம் கட்டிய ஜெயகௌரி பாயில் இருந்தாள். மகள் தர்சிகா, சிக்னல் கிடைக்கும் வாசற்படியில் மடிக்கணினியோடு இருந்தாள். இந்தியாவிலிருந்து தலைமன்னாருக்குத் திரும்பியதிலிருந்து அவருக்குப் பரம்பரைப் பெருமை தேடும் வியாதி.

"கொழும்பில இருக்கிற உங்கட தம்பியைக் கேக்கலாமே?" என்றாள் ஜெயகௌரி.

"இருபது வருசமா ஒரு வரி எழுதாதவன். மூத்தவன் நானோ முதல்ல எழுதுறது?"

"அப்பா, பழைய பேப்பர் ஒண்டில பூட்டனார் காசிநாதற்ற பேர்!" தர்சிகா வாசித்தாள். "மரண அறிவித்தல். 'காசிநாதர் வழிவந்த, பொறுமையின் சிகரமான எங்கள் அண்ணன், இராமேஸ்வரம் போகையில் படகு கவிழ்ந்து...'"

"பாத்தியே எங்கட ஆக்களின்ர குணத்தை! ஆரப்பா அந்த மகான்?"

மகள் திரையைத் திருப்பினாள். படகேறிய தொண்ணூறாம் ஆண்டு மீசையோடு படத்தில் அவரே இருந்தார். கீழே தம்பியின் பெயரும் விலாசமும்.

"பொறுமையின் சிகரமோ?" ஜெயகௌரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அவன் எனக்குத் திவசம் செய்துகொண்டிருக்கிறான். நான் அவனோட கோவிச்சுக்கொண்டிருக்கிறன். பேனையை எடு பிள்ளை."

அந்த விலாசத்துக்கே எழுதினார்: 'தம்பி, இந்த வருசத் திவசத்துக்குப் படையல் வேண்டாம். சாப்பிட நானே வாறன்.'

உறையை ஒட்டித் தானே கொண்டுபோய்த் தபாற்பெட்டியில் போட்டார்.