விடாத பெடல்

டக்.

இடது கால் மாட்டிக்கொண்டது.

பாலத்துக் கட்டைச்சுவரில் வலது காலை ஊன்றி, சைக்கிளில் உட்கார்ந்தபடியே அவள் குனிந்து பார்த்தாள். ஷூவைக் கையால் பிடித்து ஆட்டினாள். வரவில்லை. ஷூவின் அடியில் இருந்த கிளீட் என்ற கொக்கி, பெடலைக் கவ்விக்கொண்டிருந்தது.

நல்லது.

குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் கழன்றுவிடும் என்று சைக்கிள் கடைக்காரர் காட்டியிருந்தார். இடது குதிகால் அப்படியெல்லாம் திரும்பாது. சொன்ன பேச்சைக் கேட்டு அந்தக் காலுக்குப் பழக்கமில்லை. சின்ன வயதில் போலியோ வந்ததிலிருந்து அது தன்பாட்டுக்குத் தொங்குகிறது. நடக்கும்போது இடது கை தொடையை அழுத்த வேண்டும். அழுத்தினால்தான் கால் உடம்பைத் தாங்கும்.

பள்ளி நாளில் ஒருமுறை சைக்கிள் ஏறிப் பார்த்தாள். கால் பெடலிலிருந்து வழுக்கிக்கொண்டே இருந்தது. சடை ரிப்பனால் கட்டிப் பார்த்தாள். அதுவும் நழுவியது.

அத்தோடு ஆசையை விட்டுவிட்டாள். விட்டுவிட்டதாகத்தான் இத்தனை வருடம் நினைத்திருந்தாள்.

"இது காலை விடவே விடாதுங்களா?" என்று கடையில் கேட்டாள்.

"வாங்குற எல்லாருக்கும் அந்தப் பயந்தானுங்க மேடம்" என்றார் கடைக்காரர்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லோரும் எதற்குப் பயப்படுகிறார்களோ அதைத்தான் அவள் தேடிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சிறுவாணி சாலை காலியாகக் கிடந்தது. எதிரே மலை, மேகத்தை இன்னும் களையவில்லை.

பின்னாலேயே ஸ்கூட்டரில் வருவேன் என்று கணவர் ஈஸ்வரமூர்த்தி அடம்பிடித்தார். அவள் விடவில்லை. முன்னால் போய் டீக்கடையில் உட்காரச் சொல்லி அனுப்பிவிட்டாள். பார்த்துக்கொண்டே ஒரு ஆள் பின்னால் வந்தால், ஓட்டுவதா, அவருக்குத் தைரியம் சொல்வதா?

நிற்கும்போது வலது காலைக் கழற்று. வலது பக்கம் சாய். ஊன்று.

வராந்தாச் சுவரைப் பிடித்துக்கொண்டு மனப்பாடம் செய்த பாடம். இன்னொரு முறை சொல்லிக்கொண்டாள்.

சுவரை உந்தினாள்.

டக். வலது காலும் மாட்டியது.

வலது கால் கீழே போனது. இடது கால் மேலே வந்தது. இனி அது கீழே போக வேண்டும். இப்போது வழுக்கும், பார், என்று நினைத்தாள்.

வழுக்கவில்லை.

மறுபடி மேலே வந்தது. மறுபடி கீழே போனது.

இரண்டு கைகளும் ஹேண்டில்பாரில் இருந்தன. இடது கையும்தான். அந்தக் கை அழுத்தாமல் அந்தக் கால் அசைந்து அவள் பார்த்ததே இல்லை. வலது கால்தான் அதையும் சேர்த்துச் சுற்றவைக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தால் என்ன? அது சுற்றுகிறது. யாரும் தொடாமல் சுற்றுகிறது.



வெயில் முதுகில் பட்டது. நிழல் முன்னால் நீளமாக ஓடியது. அதில் இரண்டு கால்கள் மாறி மாறி ஏறி இறங்கின. எது எந்தக் கால் என்று அவளுக்கே தெரியவில்லை.

வாய்விட்டு ஏதோ கத்தினாள். என்ன என்று அவளுக்கே விளங்கவில்லை. சாலையோரத் தோப்பில் யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

டீக்கடைக் கூரை தெரிந்தபோது, வேலிக்குள்ளிருந்து ஒரு பெண்மயில் இறங்கி ரோட்டின் நடுவில் வந்து நின்றது. அதற்கு எந்த அவசரமும் இல்லை.

பிரேக் பிடித்தாள்.

பாடம் மறந்துபோனது. நிற்கப் போகிறோம் என்றதும் இடது கை தன் வழக்கப்படி ஹேண்டில்பாரை விட்டுத் தொடையை அழுத்தப் போய்விட்டது.

சைக்கிள் ஒரு கணம் யோசித்தது. பிறகு இடது பக்கமாகச் சாய்ந்தது.

கால்கள் இரண்டும் பெடலில் இருந்தபடியே விழுந்தாள்.

மயில் பறந்தது.

விழுவது அவளுக்குப் புதிதில்லை. பஸ் ஸ்டாண்டில் விழுந்திருக்கிறாள். கல்யாண மண்டபத்தில், பட்டுப்புடவையோடு, பந்தி நடுவில் விழுந்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் கூட்டம் கூடும். எல்லாக் கண்களும் முதலில் காலைப் பார்க்கும். அப்புறம் 'ஐயோ பாவம்' வரும். அந்த விஷயத்தில் மட்டும் யாரும் கஞ்சத்தனம் காட்டியதில்லை. முழங்கை எரிவதை விட அதுதான் அதிகம் எரியும்.

பின்னால் சைக்கிள்கள் வரும் சத்தம் கேட்டது. ஒரு கும்பல். அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

ஒரு சைக்கிள் பக்கத்தில் வந்து நின்றது.

"அடி ஏதும் இல்லீங்களே?"

கண் திறந்தாள். ஹெல்மெட் போட்ட ஒரு பெண். அந்தப் பெண்ணின் பார்வை காலில் இல்லை. பெடலில் இருந்தது.

இல்லை என்று இவள் தலையசைத்தாள்.

"கிளீட் புதுசாக்கா? எல்லாரும் இப்படி விழுவாங்க. நானெல்லாம் சிக்னல்ல, அத்தனை பேரு பாக்க விழுந்தேன்!"

பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். பிறகு எல்லோரும் அவர்கள் பாட்டுக்குப் போய்விட்டார்கள்.

அவள் எழுந்திருக்க முயலவில்லை. தார்ச்சாலை இதமாகச் சுட்டது. பின்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. இடது கால் பெடலை விடவில்லை.

டீக்கடையிலிருந்து ஈஸ்வரமூர்த்தி ஓடி வந்தார். ஒரு செருப்பு வழியிலேயே கழன்றுவிட்டது. அந்த முகம் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"அடிபட்டிருச்சா? நான் அப்பவே சொன்னனல்ல, உனக்கெதுக்கு இந்த…"

முழங்கையில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. தூரத்தில் வளைவில் மறையும் சைக்கிள்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க," என்றாள், "எல்லாரும் விழுவாங்களாம்."