ராசியான போர்டு

விளையாட்டுச் சாமான் கடைக்காரர் ஷட்டரைப் பாதி தூக்குவதற்குள் தையல்காரி குனிந்து உள்ளே நுழைந்துவிட்டாள். அவள் நெஞ்சோடு அணைத்திருந்த பையிலிருந்து தீய்ந்த வாடை வந்தது.

"அண்ணே, யாருக்கும் தெரியாம இதை மறைச்சாகணும். பத்து மணிக்குள்ள!"

கடைக்காரர் இரண்டடி பின்வாங்கினார். பைக்குள்ளிருந்து வெளியே வந்தது ஒரு செஸ் போர்டு. சுருட்டி எடுத்துப்போகும் ரகம். பாதி உருகி, கட்டமெல்லாம் கோணிக்கொண்டிருந்தது.

"என்னம்மா பண்ணினீங்க?"

"ஓரம் சுருண்டு சுருண்டு நின்னுச்சு. இஸ்திரி போட்டேன்."

சுருக்கத்தைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது. ஆனால் இது புருஷனின் ராசியான போர்டு. கல்யாணமான புதிதில் அவளே ஆசையாக வாங்கிக் கொடுத்தது. பதினோரு வருஷமாக, பல் தேய்க்க மறந்தாலும் இதை மறந்து அவன் போட்டிக்குப் போனதில்லை. இன்று கடைசிச் சுற்று. ஜெயித்தால் அணியில் இடம்.

கடைக்காரர் மூன்று போர்டுகளை எடுத்துப்போட்டார். ஒன்று மெத்தைபோல் தடிமன். ஒன்று கைக்குட்டைபோல் கசங்கியது. மூன்றாவதில் கட்டம், அளவு எல்லாம் சரி; ஆனால் விரித்ததும் சட்டென்று சுருண்டது.

"புதுசு அப்படித்தாம்மா. பழகினா படிஞ்சிடும்."

"அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி படிஞ்சு கிடக்கே, அது?"

"அதே ரகம்தான். ஆனா காட்சிக்கு வச்சது, வெயில்ல வெளுத்துப்போச்சு."

"வெளுத்ததுதாண்ணே வேணும்! அது பதினோரு வருஷப் பழசாச்சே!"

வீட்டுக் குளியலறையில் புருஷனின் பாட்டு ஓய்வதற்குள் அந்த வெளுத்த போர்டு அவன் பைக்குள் போய்விட்டது.

போட்டிக் கூடத்தில் எதிராளி வந்து உட்கார்ந்தாயிற்று. இன்னும் ஐந்தே நிமிடம். அவன் பையைத் திறந்தான். பின்னால் நின்றவள் எட்டிப் பார்த்தாள்.

விரித்தான். போர்டு நாய்க்குட்டிபோல் அடக்கமாகப் படுத்துக்கொண்டது. 'தப்பிச்சேன்டா சாமி' என்று அவள் மூச்சு விடுவதற்குள், அவன் முகம் வெளிறிப்போனது.

ஓரத்தைத் தடவினான். தூக்கிப் பார்த்து மறுபடி போட்டான். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக அரும்பியது.

"இது... இது ஏன் சுருளலை?"

இனி மறைக்க அவளுக்குத் தெம்பில்லை. அவன் காதருகே குனிந்தாள்.

"மன்னிச்சுக்குங்க. இஸ்திரி போட்டேன், உருகிப்போச்சு. காலையில ஓடிப்போய் வேற வாங்கி வச்சேன்."

அவன் திரும்பி அவளையே பார்த்தான்.

"நீயும் மாத்திட்டியா?"