மூன்றாம் நாள் காய்ச்சல்

கொள்ளைநோய்க்கான ஊசி போட்ட இரண்டு நாளுக்குள் காய்ச்சல் வந்தவர்களுக்குத்தான், உடம்புச் சூட்டை அளக்கும் வீட்டு வாசற்கதவு திறக்கும். காய்ச்சல் வந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று ஊரே நம்பியது. கதவும் அப்படியே நம்பியது. சபுராவுக்கு வீடு தேடி வந்து நான்காவது ஊசியும் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

“உம்மா, நாளைக்குப் புள்ளைக்குப் பேரு வைக்கிறோம். இன்னுமா ஒங்களுக்குக் காய்ச்சல் வரல?” மகள் போனில் கேட்டாள்.

“கைகூட வலிக்கலடி. பாழாப்போன ஒடம்பு, கல்லு மாதிரி கெடக்கு!”

வெந்நீர்ப் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கதவருகே நின்று பார்த்தாள். கதவு ஏமாறவில்லை.

மூன்றாம் நாள் காலை உடம்பு கொதித்தது. சந்தோஷமாகக் கதவை நோக்கி நடந்தவளுக்கு, இரண்டு நாள் கெடு நேற்றோடு முடிந்துவிட்டது என்பது பாதி வழியில்தான் உறைத்தது. இனி வருவது நோய்க் காய்ச்சல். தெரிந்தால் கதவு நாற்பது நாள் பூட்டிக்கொள்ளும்.

சபுரா ஃப்ரிட்ஜுக்கு ஓடி, ஐஸ் கட்டிகளை அள்ளி அதே அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.