புது ஐயாவின் கை

முப்பத்தெட்டு வருடம் அந்த ஊர்ச் சபையை நடத்திய மாசிலாமணி போதகர் ஆலயத்தின் நடுவே சவப்பெட்டிக்குள் கிடந்தார். சனங்கள் வரிசையாக வந்து, அவருடைய வலது கையைத் தூக்கித் தங்கள் பிள்ளைகளின் தலையில் வைத்து எடுத்தார்கள். தலைமாட்டில் எபனேசர் போதகர் நின்றார். பெரியவர் ஓய்வு பெற்றபின் வந்தவர். வந்து ஒன்பது வருடமாகியும் ஊருக்கு அவர் ‘புது ஐயா’தான். அவருடைய இரண்டு கைகளும் சும்மா இருந்தன. இதே பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கைகள். ஒருவரும் அவற்றை ஏறிட்டுப் பார்க்கவில்லை. “நேரமாகுது, மூடுங்க” என்றார் எபனேசர். அடக்கத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. மூடிய பிறகு ரூத்மேரி கைக்குழந்தையோடு ஓடிவந்தாள். பஸ் கிடைக்கவில்லையாம். “ஒரே ஒரு தடவ தெறங்கய்யா.” அவர் தன் கையைக் குழந்தையின் தலைக்கு நீட்டினார். அவள் பிள்ளையை மெல்ல விலக்கிக்கொண்டாள். “கோவிச்சுக்காதீங்கய்யா. ஒங்க கை எப்பவும் இங்கனதான இருக்கும். இது இன்னையோட மண்ணுக்குள்ள போயிரும்லா.” பின்னாலிருந்து யாரோ, “அவ சொல்லுறதும் நியாயந்தான” என்றார்கள். எபனேசர் தானே மூடியை நகர்த்தினார். அந்தக் கை அவர் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. குழந்தையின் உச்சியில் அதை வைத்து, நழுவிவிடும் என்பதுபோல் மேலே தன் கையையும் வைத்துக்கொண்டார். “போதும்யா, பிள்ளைக்குப் பாரமா இருக்கும்” என்றாள் ரூத்மேரி. அவர் கையை எடுக்கவில்லை.