கூப்பிடாத பெயர்

“ஒரே ஒரு தடவை அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்களேன்.”

கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து கேட்டாள் மனைவி.

சாப்பாட்டு மேசை மேல் வலது உள்ளங்கையைப் பரப்பி வைத்து உட்கார்ந்திருந்தார் பைண்டர். கட்டைவிரலை மட்டும் மேலே தூக்க வேண்டும். காலையிலிருந்து இதே வேலை. அது அசைந்து கொடுக்கவில்லை.

“முதல்ல இது எழும்பட்டும். அரைகுறையா அந்தப் பேரைச் சொல்ல மாட்டேன்.”

“நாலு மாசமா தோளைத் தட்டிக் கூப்பிடறதோட சரி. எனக்குப் பேரே இல்லாத மாதிரி இருக்கு.”

ஆறு மாதத்துக்கு முன் அச்சகத்துப் படியில் சறுக்கி விழுந்தார். மணிக்கட்டில் மயிரிழை விரிசல்தான். கட்டுப் பிரித்து, வலியெல்லாம் போன பிறகு, ஒரு நாள் புத்தகம் தைக்கும்போது கட்டைவிரல் சட்டென்று தொங்கிவிட்டது. உள்ளே தசைநார் உரசி உரசி அறுந்துவிட்டதாம். சுட்டுவிரலை நீட்ட இரண்டு நார்கள் உண்டு. அதில் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலோடு இணைத்தார் டாக்டர்.

“மத்த விரலை வெச்சே வேலையைச் சமாளிச்சுக்கலாம்னு டாக்டரே சொன்னாரு. நீங்கதான் ஆபரேஷன் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னீங்க.”

“வேலைக்காகவா செஞ்சுகிட்டேன்?”

பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அந்தப் பேரை எப்ப வெச்சீங்கன்னு ஞாபகம் இருக்கா?”

“நீ அச்சகத்துல சேர்ந்த ரெண்டாம் நாள். தாள் மடிக்கிற மேசையில உக்காந்திருந்த. தலையில நீல ரிப்பன்.”

“பச்சை.”

“சரி, பச்சை. பேரைச் சொன்னதும் முறைச்ச பாரு ஒரு முறை.”

“முறைச்சேன். வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னாடி நின்னு நானே பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன்.”

“இத்தனை வருஷத்துல இதை நீ சொன்னதே இல்லையே.”

அந்த நாட்களில் மெஷின்களின் இரைச்சலில் மற்றவர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். இவர்கள் இருவர் மட்டும் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். பொறுக்காத சூப்பர்வைசர், இவர்களுடைய மேசைகளைக் கூடத்தின் இரண்டு கோடிக்கு மாற்றிப் பார்த்தார். அப்போதும் பேச்சு நிற்கவில்லை. ஆறே மாதத்தில் கல்யாணத்தில் போய் முடிந்தது.

ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த தாளை அவள் எடுத்துப் பிரித்தாள்.

“கட்டைவிரலை மறந்துடணுமாம். சுட்டுவிரலால யாரையோ காட்டறதா நெனச்சுக்கணுமாம்.”

“யாரைக் காட்டறது?”

“அன்னிக்கு மடிக்கிற மேசையில உக்காந்திருந்தாளே, அவளை.”

அவர் கண்களை மூடிக்கொண்டார். கட்டைவிரல் லேசாக நடுங்கியது. ஓர் அரிசியளவு எழும்பிப் பொத்தென்று விழுந்தது. மறுபடி எழுந்தது. இந்த முறை விழவில்லை.

கண்ணைத் திறந்தபோது மனைவியின் கன்னம் நனைந்திருந்தது. அவர் மேசையிலிருந்து கையை எடுத்தார். மற்ற விரல்களை மடக்கி, அவள் சிரித்தால் குழி விழும் இடமாகப் பார்த்துத் தன் கன்னத்தில் கட்டைவிரல் நுனியை வைத்து, அப்படியே வெளியே விரித்தார். கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.

பிறவியிலேயே காது கேளாத அந்த இருவருக்குள், முப்பது வருடமாக அதுதான் அவள் பெயர்.