பின்சீட்டு வேலை

அந்தப் பூங்காவில் கால்வலியைக் காசு கொடுத்து வாங்குவதற்கு விதவிதமான மிதிவண்டிகள் இருந்தன. படுத்துக்கொண்டே மிதிப்பது ஒன்று, எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து மிதிப்பது ஒன்று. கடைசியில் நின்றது பழைய சைக்கிள் ரிக்‌ஷா. மிதிக்கிறவர்களுக்குப் பாரம் வேண்டுமே, அதற்காகப் பின்சீட்டில் உட்காருவதுதான் தணிகாசலத்துக்கு வேலை. முப்பது வருஷம் யானைகவுனியில் ரிக்‌ஷா ஓட்டியவர் என்று பக்கத்தில் பலகையே வைத்திருந்தார்கள்.

அன்று மிதித்த இளைஞன் செயற்கை மேட்டில் பாதி ஏறியதும் மூச்சிரைத்து நின்றுவிட்டான்.

"பெரியவரே, கொஞ்சம் எறங்கிக்கிறீங்களா?"

தணிகாசலத்தின் ஒரு கால் தானாகவே தரைக்கு வந்துவிட்டது. யானைகவுனிப் பாலத்து மேட்டில் சவாரி வந்தவர்களிடம் அவர் தினமும் கெஞ்சிக் கேட்டதுதான் அது. ஒருத்தரும் இறங்கியதில்லை. காலை உள்ளே இழுத்துக் கால்மேல் போட்டுக்கொண்டார்.

"எறங்கி நடக்கறதுக்கா வண்டி ஏறினேன்? மிதிடா!"

முப்பது வருஷம் முதுகில் வாங்கிய குரல் அப்படியே வந்தது.

இளைஞன் திகைத்துத் திரும்பினான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தபடி செல்போனை எடுத்தான்.

"செம பெரியவரே! அதே கோவத்தோட இன்னொரு வாட்டி சொல்லுங்க."