சாணைக்காரனின் பாதிக் காது

வெள்ளைப் பீங்கான் பொம்மையின் காதைத் தொட்டதும் சிபில்லாவின் விரல் நின்றுவிட்டது.

நான் செய்த சாணைக்காரன் அது, கத்திக்குச் சாணை பிடிப்பவன். ஒரு சாண் உயரம். காலையில்தான் சூளையிலிருந்து வந்தது. முகத்துக்கு வண்ணம் தீட்ட அவளிடம் கொண்டுவந்திருந்தேன்.

போன குளிர்காலத்தில் லைப்சிக் நகரத் தெருவில் நின்ற ஒரு சாணைக்காரனை யாரோ வரைந்து, செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்திருந்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்துச் செய்தேன். பாதி அறுந்த காதைக்கூட விடவில்லை.

சிபில்லாவின் கணவன் வைட்டும் சாணைக்காரன். அவனுக்கும் பாதிக் காதுதான். போருக்குப் போய் ஒன்பது வருடம். செத்திருப்பான் என்று நீதிமன்றமே எழுதிக் கொடுத்துவிட்டது.

எனக்கும் சிபில்லாவுக்கும் நடக்கப்போகும் திருமணத்தை இரண்டு ஞாயிறு கோவிலில் அறிவித்தாயிற்று. நாளை மூன்றாவது. தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பாதிரியார் கேட்பார்.

எனக்குப் பகீரென்றது. என் கையாலேயே அவனைச் செய்து கொண்டுவந்து நிறுத்திவிட்டேனா?

"சிபில்லா, இது அவரா?"

அவள் பொம்மையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"அவருக்குப் போனது இடது காது. இதுக்கு வலது. பேயறைஞ்ச மாதிரி நிக்காம போய்க் கோட்டுக்குப் பட்டன் தைச்சுக்க. நாளைக்கு அந்தக் கோலத்துலயா கோவிலுக்கு வருவ?"

எனக்கு உயிர் வந்தது. சிரித்துக்கூட விட்டேன்.

அப்புறம்தான் சாணைக்காரனின் கையைப் பார்த்தேன். கத்தியை இடது கையில் பிடித்திருந்தான்.

செப்புத் தகட்டில் பார்த்தபடியே செதுக்கினால் காகிதத்தில் இடம் வலம் மாறி விழும். அதனால் படத்தைக் கண்ணாடியில் காட்டி, கண்ணாடியைப் பார்த்துத்தான் உருவம் செய்ய வேண்டும். கல்யாண அவசரத்தில் அதை மறந்து தொலைத்திருக்கிறேன்.

அப்படியானால் லைப்சிக் தெருவில் நின்றவனுக்குப் போனது இடது காது.

சொல்வதா, விழுங்குவதா? அவளைப் பார்த்தேன்.

சிபில்லா தலை நிமிரவில்லை. கை நடுங்காமல் பொம்மைக்குப் புருவம் வரைந்துகொண்டிருந்தாள்.

நான் இந்தப் பீங்கான் ஆலைக்கு வேலைக்கு வந்த முதல் வாரம், படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான்.

எப்போதும் அவள் மேஜையில் நிமிர்ந்து நிற்கும் அந்தக் கண்ணாடி, இப்போது குப்புறக் கிடந்தது.